வலி எந்தக் கட்டத்தில் இருக்கிறது? அக்குபங்சர் ஊசிக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மூட்டுவலி, இடுப்புவலி என்று வாய் திறந்தாலே இரண்டு யோசனைகள் வந்து சேரும். "மாத்திரையும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம், நாலு வாரம் அக்குபங்சர் எடுத்தா வேரோட போயிடும்" என்பது ஒன்று. "அதெல்லாம் ஏமாத்து வேலை, மெடிக்கல்ல ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டுட்டு வேலையைப் பாரு" என்பது இன்னொன்று. இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்து, பணமும் மாதங்களும் கரைந்த பிறகே பெரிய ஆஸ்பத்திரி வாசலுக்கு வருகிறவர்கள் உண்டு.

வலி எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வதில்தான் இந்தக் குழப்பம் தொடங்குகிறது. நேற்று மாமரத்திலிருந்து விழுந்தவருக்கும் முதுகுவலிதான். பல வருடமாகக் குனிந்து களையெடுத்தவருக்கும் முதுகுவலிதான். சின்ன வயதிலிருந்து ஃபுளோரைடு கலந்த போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரே குடித்து வளர்ந்தவருக்கும் முதுகுவலிதான். வலிக்கும் இடம் ஒன்று. உள்ளே நடப்பது வேறு வேறு. அக்குபங்சர் இவற்றில் எதற்கு உதவும், எதற்கு உதவாது, எதில் ஆபத்து என்று அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## வலி உருவாகும் வழி

சர்வதேச வலி ஆய்வுக் கழகம் 2020-இல் வலிக்கான தன் வரையறையைத் திருத்தி எழுதியது. அதன் சாரம் இது: திசு சேதமடைந்தபோதோ, சேதமடையப்போகும்போதோ உண்டாகிற, அல்லது அப்படிச் சேதமானால் எப்படி இருக்குமோ அப்படியே உணரப்படுகிற, உடலும் மனமும் சேர்ந்து படும் துன்ப அனுபவமே வலி. காயம் எதுவும் இல்லாமலும் வலி உண்மையாக இருக்கலாம் என்பதை மருத்துவம் இப்போது ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோயாளி நடிக்கிறார் என்று ஆகாது.

புளி தட்டும் பெண் ஒருவரின் கட்டை விரலில் அடி தவறி விழுகிறது என்று வையுங்கள். அவர் கையை உதறுவதற்குள் நான்கு வேலைகள் நடந்து முடிகின்றன.

1. அடிபட்ட இடத்தில் செல்கள் உடைந்து புரோஸ்டாகிளாண்டின், பிராடிகைனின் முதலிய வேதிப்பொருள்கள் கசிகின்றன. இவை அங்குள்ள நரம்பு முனைகளை உசுப்பிவிடுகின்றன. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகள் வேலை செய்வது இங்கேதான். அவை புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைக் குறைக்கின்றன.

2. செய்தி நரம்பு வழியே கிளம்புகிறது. 'ஏ-டெல்டா' இழைகள் வினாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் கொண்டுபோவது அந்த முதல் சுரீர். மெல்லிய 'சி' இழைகளின் வேகம் வினாடிக்கு 2 மீட்டருக்கும் குறைவு. கொஞ்சம் பிந்தி வந்து விண்விண்ணென்று தெறிக்கும் வலி அவற்றுடையது.

3. முதுகுத்தண்டில் ஒரு வாசல் இருக்கிறது. 1965-இல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த 'வாசல் கட்டுப்பாட்டுக் கோட்பாடு' சொல்வது: தொடுகையையும் அழுத்தத்தையும் கொண்டுவரும் தடித்த இழைகள் சுறுசுறுப்பாக இருந்தால், வலிச் செய்தி மேலே போவது குறையும். அடிபட்டவுடன் யாரும் சொல்லிக்கொடுக்காமலே விரலை இறுக்கிப் பிடிக்கிறோமே, அதனால்தான் அது இதமாக இருக்கிறது.

4. கடைசியில் மூளை. வலிக்கென்று ஒரே ஒரு மையம் அங்கே இல்லை. உணர்வு, பயம், நினைவு, கவனம் ஆகியவற்றைக் கையாளும் பல பகுதிகள் சேர்ந்தே 'இது எவ்வளவு மோசம்' என்று முடிவு செய்கின்றன. தூக்கம் கெட்டாலும் கடன் கவலை இருந்தாலும் அதே காயம் கூடுதலாக வலிப்பது இதனால்தான். மூளையிலிருந்து கீழ்நோக்கி வலியைத் தணிக்கும் உத்தரவும் வரும். எண்டார்ஃபின் போன்ற உடலின் சொந்த வலிநிவாரணிகள் அந்த வேலையைச் செய்கின்றன.

## காலத்தை வைத்து மூன்று கட்டங்கள்

திடீர் வலி. அடி, சுளுக்கு, அறுவைசிகிச்சை, பல்வலி. இது உடம்பின் காவல். திசு ஆற ஆற வலியும் வடியும். திடீர் இடுப்புவலி பெரும்பாலும் 6 வாரத்துக்குள் தானாகவே வெகுவாகக் குறைந்துவிடும். இந்த 6 வாரத்துக்குள் எந்தச் சிகிச்சை எடுத்திருந்தாலும் அதற்கே பெயர் கிடைக்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 'நாலு வாரத்தில் குணமாக்கினேன்' என்ற பேச்சில் இயற்கையின் பங்கு எவ்வளவு என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

இடைநிலை வலி. ஏறக்குறைய 6 வாரத்திலிருந்து 12 வாரம் வரை. யாரும் கண்டுகொள்ளாத கட்டம் இதுதான். என் பார்வையில் முக்கியமான கட்டமும் இதுதான். ஓசூரில் கம்பெனி வேலையில் நாளெல்லாம் நின்றபடி பாகம் பொருத்துகிறவர், குவாரியில் கல் உடைப்பவர், பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்த் திரும்புகிறவர் எல்லோரும் இந்த வாரங்களில்தான் இரண்டில் ஒரு பக்கம் சாய்கிறார்கள். மாத்திரையை விழுங்கிக்கொண்டு அதே பாரத்தைத் தூக்குவார்கள், அல்லது அசைந்தால் ஜவ்வு கிழிந்துவிடும் என்று பயந்து மாதக்கணக்கில் படுத்துவிடுவார்கள். இரண்டுமே வலியை அடுத்த கட்டத்துக்குத் தள்ளும். படிப்படியாக நடமாட்டத்தைக் கூட்டுவதுதான் இங்கே சரியான வழி. பிசியோதெரபி அதிகப் பலன் தரும் காலமும் இதுவே.

நாள்பட்ட வலி. 3 மாதத்தைத் தாண்டித் தொடர்வது அல்லது திரும்பத் திரும்ப வருவது. உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆம் பதிப்பு நோய் வகைப்பாட்டில் இதற்குத் தனி இடம் உண்டு. இங்கே வலி வேறொரு நோயின் அறிகுறியாக மட்டும் நிற்பதில்லை. சில சமயம் அதுவே நோயாகிவிடுகிறது. காரணம், முதுகுத்தண்டிலும் மூளையிலும் வலியைக் கடத்தும் செல்கள் உணர்திறன் கூடிப்போவது. 1983-இல் கிளிஃபர்ட் வுல்ஃப் இதைச் சோதனையில் காட்டினார். திருடன் வந்துபோன வீட்டு நாய் பிறகு இலை அசைந்தாலும் குரைப்பது போல, நரம்பு மண்டலம் சாதாரணத் தொடுகையைக்கூட ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. காயம் ஆறியிருக்கும், வலி ஆறியிருக்காது.

## வலியின் வகை

கட்டம் மட்டும் தெரிந்தால் போதாது, வகையும் தெரிய வேண்டும். டாக்டரிடமோ அக்குபங்சர் செய்யும் ஹீலரிடமோ போகும்போது 'ரொம்ப வலிக்குது' என்று சொல்லி நிறுத்தாமல், எப்படி வலிக்கிறது என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது.

அசைந்தால் கூடி, ஓய்வில் குறைந்து, விரலால் தொட்டுக் காட்டும்படி ஓரிடத்தில் கடுப்பாகவோ பிடிப்பாகவோ இருந்தால் அது பெரும்பாலும் தசை, மூட்டு, ஜவ்வு சார்ந்த திசு வலி.

எரிச்சல், மின்சாரம் பாய்ந்தது போன்ற சுண்டல், எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பு, மரத்துப்போதல் இருந்தால் நரம்பு வலி. சர்க்கரை நோயாளிகளின் பாத எரிச்சலும், இடுப்பிலிருந்து பின்னந்தொடை வழியாகக் கால்வரை இழுக்கும் வலியும் இந்த வகை. சாதாரண வலி மாத்திரை இதற்கு அவ்வளவாகக் கேட்காது. நரம்புக்கென்று தனி மருந்துகள் உண்டு.

மூன்றாவது வகையில் திசுவிலும் சேதம் தெரியாது, நரம்பிலும் சேதம் தெரியாது. உடம்பெல்லாம் வலி, அயர்ச்சி, தூங்கி எழுந்தாலும் தூங்காத உணர்வு. ஃபைப்ரோமயால்ஜியா இதற்கு உதாரணம். வலியைக் கையாளும் அமைப்பே மாறிப்போனதால் வருவது இது. வீட்டில் 'வேலைக்குச் சோம்பல்' என்று பேர் வாங்குவது பெரும்பாலும் இந்த வகை வலியோடு வாழும் பெண்கள்தான். அவர்களை நம்புவதே சிகிச்சையின் முதல் படி.

## ஊசி உடம்பில் என்ன செய்கிறது

அக்குபங்சர் ஊசி ஏறக்குறைய 0.25 மில்லிமீட்டர் தடிமன். உள்ளே துளை கிடையாது, மருந்தும் கிடையாது. இடுப்புவலிக்காரரைக் குப்புறப் படுக்கவைத்து, இடத்தைத் துடைத்து, சின்னக் குழாய்க்குள் ஊசியை வைத்து விரலால் ஒரு தட்டுத் தட்டுவார்கள். எறும்பு கடித்த அளவுக்கு ஒரு சுருக். பிறகு ஊசியை மெல்லத் திருகும்போது அந்த இடம் கனத்து, மதமதப்பாகி, ஒரு மந்தமான உளைச்சல் பரவும். சீன மரபில் இதை 'தே சீ' என்பார்கள். ஊசி வேலை செய்யத் தொடங்கியதற்கு அடையாளமாகக் கொள்வார்கள். இடுப்பின் இருபுறமும் சில ஊசிகள், முழங்காலின் பின்குழியில் 'சிறுநீர்ப்பை 40' என்ற புள்ளியில் ஒன்று என்று வைத்து, 20 முதல் 30 நிமிடம் விட்டுவைப்பது வழக்கம்.

மரபின் விளக்கம்: உடம்பில் 12 முதன்மைப் பாதைகளில் 'சீ' என்ற உயிராற்றல் ஓடுகிறது, தடைபட்ட இடத்தில் வலி பிறக்கிறது, ஊசி தடையை நீக்குகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மேற்கு பசிபிக் அலுவலகம் 2008-இல் 361 புள்ளிகளின் இடங்களை ஒரே தரமாக வகுத்து வெளியிட்டது. ஆனால் இந்தப் பாதைகளைத் தனிக் குழாயாகவோ நரம்பாகவோ உடற்கூறியலில் யாரும் காட்டியதில்லை.

ஆய்வகத்தின் விளக்கம், மேலே பார்த்த நான்கு வேலைகளோடு ஒட்டிப் போகிறது. ஊசி குத்தித் திருகிய இடத்தில் அடினோசின் என்ற பொருள் கூடுவதையும், அதை ஏற்கும் அமைப்பு இல்லாத எலிகளில் வலி குறையாததையும் 2010-இல் ஓர் ஆய்வு காட்டியது. முதுகுத்தண்டின் வாசலில் ஊசியின் தூண்டல் வலிச் செய்தியோடு போட்டியிடுகிறது. எண்டார்ஃபினைத் தடுக்கும் நலோக்சோன் மருந்தைக் கொடுத்தால் அக்குபங்சரின் வலிநீக்கம் மங்குகிறது என்று 1970-களிலேயே கண்டார்கள். அப்படியானால் மூளையின் சொந்த வலிநிவாரணிகளுக்கு இதில் பங்கு உண்டு. ஊசியில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சும் முறையில், வினாடிக்கு 2 துடிப்பும் 100 துடிப்பும் வெவ்வேறு நிவாரணிகளைச் சுரக்கச் செய்கின்றன என்பது சீன விஞ்ஞானி ஹான் ஜிஷெங் குழுவின் கண்டுபிடிப்பு.

ஆக, ஊசி வலியின் கடத்தலில் தலையிடுகிறது. தேய்ந்த குருத்தெலும்பை அது வளர்க்காது. பிதுங்கிய ஜவ்வை உள்ளே தள்ளாது. 'வேரோடு போகும்' என்ற பேச்சு இந்த இடத்தில் நிற்காது.

தமிழ்நாட்டில் ஊசியே இல்லாமல் ஒரு புள்ளியை விரலால் தொட்டுச் செய்யும் தொடு சிகிச்சையும் அக்குபங்சர் என்ற பெயரிலேயே நடக்கிறது. இந்தக் கட்டுரையில் வரும் ஆய்வுகள் எல்லாம் ஊசியை வைத்துச் செய்தவை. அந்த முடிவுகளைத் தொடு சிகிச்சைக்குச் சான்றாகக் காட்டுவது சரியல்ல.

## ஆய்வுகள் சொல்வது

அக்குபங்சரைச் சோதிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. மாத்திரைக்குப் பதில் சர்க்கரை உருண்டை கொடுத்து ஏமாற்றலாம். ஊசியில் அது சுலபமில்லை. அதனால் புள்ளி தவறிய இடத்தில், ஆழமில்லாமல் குத்தும் 'பாவனை ஊசி'யோடு ஒப்பிடுவார்கள்.

ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 1,162 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு 2007-இல் வெளிவந்தது. 6 மாதம் கழித்துப் பார்த்தபோது, முறையான ஊசி எடுத்தவர்களில் 47.6 சதவீதம் பேருக்கும், பாவனை ஊசி எடுத்தவர்களில் 44.2 சதவீதம் பேருக்கும், மருந்தும் உடற்பயிற்சியுமாக வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களில் 27.4 சதவீதம் பேருக்கும் நல்ல முன்னேற்றம். இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஹீலர்கள் முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் காட்டுவார்கள். மறுப்பவர்கள் முதல் இரண்டை மட்டும் காட்டுவார்கள். ஊசிச் சிகிச்சை எடுத்தவர்கள் உண்மையிலேயே நலமடைந்தார்கள். ஆனால் எந்தப் புள்ளியில் குத்துவது என்பதற்கு மரபு கொடுக்கும் முக்கியத்துவத்தை முடிவு ஆதரிக்கவில்லை.

2012-இல், 29 ஆய்வுகளில் பங்கேற்ற 17,922 பேரின் தரவுகளை ஒன்றாக்கி அலசினார்கள். முதுகு, கழுத்து, தோள், முழங்கால் தேய்மானம், நாள்பட்ட தலைவலி ஆகியவை அதில் அடக்கம். முடிவை விளக்க அவர்கள் கொடுத்த உதாரணம் இது: 100-க்கு 60 என்ற அளவில் தொடங்கும் வலி, அக்குபங்சர் இல்லாமல் 43-க்கும், பாவனை ஊசியில் 35-க்கும், முறையான ஊசியில் 30-க்கும் இறங்கும். நிவாரணம் உண்டு, அதிசயம் இல்லை. 2018-இல் 39 ஆய்வுகளாக விரித்துப் பார்த்தபோதும் இதே போக்கு. ஒரு வருடம் கழித்தும் பலனின் பெரும்பகுதி நீடித்தது.

வழிகாட்டு நெறிகள் ஒரே குரலில் பேசவில்லை. பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2016-இல் இடுப்புவலிக்கு அக்குபங்சர் வேண்டாம் என்றது. 2021-இல் நாள்பட்ட முதன்மை வலிக்கு, அதாவது வலியே நோயாகிவிட்ட நிலைக்கு, ஒரு சுற்று கொடுத்துப் பார்க்கலாம் என்றது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2020 மதிப்பாய்வு, நாள்பட்ட இடுப்புவலியில் பாவனை ஊசியைவிடக் குறிப்பிடத்தக்க மேன்மை இல்லை என்றது. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 நெறி, நாள்பட்ட இடுப்புவலிக்கு உடற்பயிற்சி, மசாஜ் முதலியவற்றோடு ஊசிச் சிகிச்சையையும் நிபந்தனையோடு பரிந்துரைத்தது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் என் முடிவு: நாள்பட்ட தசை, மூட்டு வலிக்கும் அடிக்கடி வரும் தலைவலிக்கும், காரணம் தெரிந்த பிறகு, உடற்பயிற்சியோடு சேர்த்து எடுக்கலாம். வலி மாத்திரையைத் தினமும் விழுங்க முடியாதவர்களுக்கு, அதாவது சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கும், இது சின்ன உதவியல்ல.

## ஊசிக்கே இடமில்லாத வலிகள்

கீழே உள்ளவற்றில் எது இருந்தாலும் அக்குபங்சர், தைலம், சுளுக்கு எடுத்தல் எதற்கும் நேரம் செலவிடக் கூடாது.

1. நெஞ்சை அழுத்தும் வலி, அது தாடைக்கோ கைக்கோ பரவுதல், வியர்வை, மூச்சுத்திணறல். 'வாயுப் பிடிப்பு' என்று சோடா குடித்து உட்கார்ந்திருக்கும் ஒரு மணி நேரத்தில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். உடனே 108.

2. இடுப்புவலியோடு சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது, மறைவிடத்தைச் சுற்றி மரத்துப்போவது, கால் துவள்வது. முதுகுத்தண்டின் அடியில் உள்ள நரம்புக் கொத்து நசுங்குகிறது. தாமதமானால் அந்தக் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம்.

3. வாழ்நாளில் அனுபவிக்காத திடீர்த் தலைவலி. அல்லது காய்ச்சலோடு கழுத்து விறைப்பு.

4. வலது அடிவயிற்றில் வலி கூடிக்கொண்டே போய், வாந்தியும் காய்ச்சலும் சேர்வது.

5. படுத்தாலும் குறையாமல் இரவில் எழுப்பும் முதுகுவலி, கூடவே எடை குறைவு, மாலைக் காய்ச்சல். காசநோய் எலும்பிலும் வரும். புற்றுநோய் பரவலும் இப்படித் தெரியும்.

6. விழுந்த பிறகு வரும் வலி, குறிப்பாக வயதானவர்களுக்கு.

இன்னொரு எச்சரிக்கை. 'உடம்பில் கழிவு தேங்குது, மாத்திரைதான் கழிவு' என்று சொல்லிச் சர்க்கரை, பிரஷர், வலிப்பு மாத்திரைகளை நிறுத்தச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள ஒரு குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களில் உயிர் போகும். அப்படிச் சொல்கிறவர் எத்தனை பேருக்கு முதுகுவலியைக் குறைத்திருந்தாலும் எழுந்து வந்துவிட வேண்டும்.

## இந்த மண்ணுக்கே உரிய வலி: ஃபுளோரைடு

தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு மூட்டுவலி பற்றி எழுதும் எவரும் தண்ணீரைப் பற்றிப் பேசாமல் முடிக்கக் கூடாது. இந்த இரு மாவட்டங்களின் அடியில் கிடப்பது கிரானைட், நைஸ் (gneiss) போன்ற கடும்பாறை. அதன் கனிமங்களில் இருக்கும் ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. திறந்த கிணறுகள் வற்றி, ஆழ்துளைக் கிணறுகள் ஆழமாகிக்கொண்டே போன பிறகு, பாறையோடு நெடுநாள் கிடந்த தண்ணீரே குடிக்கக் கிடைத்தது.

இந்தியத் தர அளவின்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. 3 முதல் 6 மில்லிகிராம் உள்ள தண்ணீரைப் பல வருடம் குடித்தால் எலும்பு பாதிக்கப்படலாம். 10-ஐத் தாண்டினால் முடக்கும்.

குடித்த ஃபுளோரைடில் ஒரு பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றும். மிச்சம் எலும்பில் படியும். இப்படி ஃபுளோரைடு படிந்து வரும் எலும்பு நோயான எலும்பு ஃபுளோரோசிஸும் கட்டம் கட்டமாகவே வரும்:

1. முதலில் வலியே இருக்காது. எலும்பின் அடர்த்தி மட்டும் லேசாகக் கூடியிருக்கும்.

2. அவ்வப்போது மூட்டுவலி, காலையில் விறைப்பு. முதுகெலும்பு, இடுப்பெலும்பு எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியத் தொடங்கும்.

3. விடாத வலி. மூட்டைக் கட்டும் தசைநார்களில் சுண்ணாம்பு படிகிறது. 'வாதம்', 'தேய்மானம்' என்று பெயர் வைத்து மாத்திரை எழுதப்படுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

4. முதுகு மூங்கில் போல விறைத்து, கழுத்துத் திரும்பாமல், மூட்டுகள் மடங்கியபடியே நின்றுவிடும். முதுகுத்தண்டு நசுங்கினால் கால்கள் செயலிழக்கும்.

ஃபுளோரோசிஸ் தடுப்புத் திட்டத்தில் களப்பணியாளர்கள் செய்யும் மூன்று சோதனைகளை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். முழங்கால் மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொட முடிகிறதா? தாடையை நெஞ்சில் படும்படி தாழ்த்த முடிகிறதா? இரண்டு கைகளையும் தூக்கிப் பின்தலையைத் தொட முடிகிறதா? முப்பது நாற்பது வயதில் இவை முடியாமல், பல்லில் பழுப்புக் கறையும் இருந்து, போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவராகவும் இருந்தால் ஃபுளோரைடைச் சந்தேகிக்க வேண்டும். பல் கறை சிறுவயதில் பல் உருவாகும்போதே படிவது; எத்தனை முறை துலக்கினாலும் போகாது. முன்கை எக்ஸ்ரே, சிறுநீர்ப் பரிசோதனை, தண்ணீர்ப் பரிசோதனை ஆகியவை உறுதி செய்யும். தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம்.

இந்த நிலைக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு வந்து, 2013-இல் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. காவிரித் தண்ணீர் வராத நாளில் மறுபடி போர் தண்ணீரைக் குடித்தால் பலன் பாழ். கொதிக்கவைப்பதால் ஃபுளோரைடு போகாது; தண்ணீர் சுண்டுவதால் செறிவு கூடத்தான் செய்யும். சுண்ணாம்புச் சத்து குடலில் ஃபுளோரைடைப் பிடித்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். அந்த வகையில் இந்தப் பகுதியின் கேழ்வரகுக் களி நல்ல காவல். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. நெல்லிக்காயும் கீரையும் கூடவே வேண்டும்.

இப்போது அக்குபங்சருக்கு வருவோம். இரண்டாம், மூன்றாம் கட்ட ஃபுளோரோசிஸ் வலியில் ஊசி சற்று இதம் தரலாம். அந்த இதத்தில் ஒருவர் கையைக் காலை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்ய முடிந்தால் நல்லது. ஆனால் படிந்த ஃபுளோரைடை எந்தப் புள்ளியும் கரைக்காது. வலி குறைந்த நிம்மதியில் அதே குழாய்த் தண்ணீரை இன்னும் ஐந்து வருடம் குடித்தால், நோய் அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். வலியைத் தணிப்பதில் உள்ள ஆபத்து இதுதான்: தணிந்ததும் தேடல் நின்றுவிடுகிறது. இந்த மாவட்டங்களில் ஊசி வைக்கும் ஒவ்வொருவரும் முதல் நாளே 'எந்தத் தண்ணி குடிக்கறீங்க?' என்று கேட்க வேண்டும். வலி மாத்திரை எழுதும் மருத்துவருக்கும் இது பொருந்தும்.

## யாரிடம் போவது

மத்திய சுகாதார அமைச்சகம் 2003-இல் அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாகப் பதிவுபெற்ற மருத்துவர்களும் தகுந்த பயிற்சி பெற்றவர்களும் செய்யலாம் என்றது. 2019 பிப்ரவரியில் அதைத் தனிச் சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. முறைக்குக் கிடைத்த அங்கீகாரம் வேறு, போர்டு மாட்டியிருப்பவரின் தகுதி வேறு. மகாராஷ்டிரத்தில் அக்குபங்சருக்கென்று தனிச் சட்டமும் கவுன்சிலும் உண்டு; இங்கே அப்படி இல்லை. அதனால் விசாரிக்கும் பொறுப்பு நோயாளியின் தலையில் விழுகிறது.

செலவில்லாத வழி, அரசு மருத்துவமனைகளில் உள்ள யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு. அங்குள்ள மருத்துவர்கள் ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பு முடித்தவர்கள். அக்குபங்சர் அவர்கள் பாடத்தில் உண்டு. எக்ஸ்ரேயும் எலும்பு மருத்துவரும் அதே வளாகத்தில் இருப்பது பெரிய வசதி. நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுப் பெறலாம்.

தனியாரிடம் போனால் பார்க்க வேண்டியவை: ஊசி ஒவ்வொரு முறையும் கண்ணெதிரே புதுப் பாக்கெட்டிலிருந்து பிரிக்கப்படுகிறதா? முடிந்ததும் குப்பைத் தொட்டியில் போடாமல் ஊசிக்கான பெட்டியில் போடுகிறாரா? பழைய மருத்துவ ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறாரா? 'இது என்னால் ஆகாது, ஆஸ்பத்திரிக்குப் போங்க' என்று சொல்லக் கூடியவரா? கடைசிக் கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது.

பயிற்சி பெற்ற கையில் அக்குபங்சர் பாதுகாப்பானது. பிரிட்டனில் 34,000-க்கும் மேற்பட்ட அமர்வுகளைக் கண்காணித்து 2001-இல் வெளியான ஆய்வில் கடுமையான பாதிப்பு ஒன்றுகூட இல்லை. லேசான ரத்தக்கசிவு, மயக்கம், சில மணி நேரம் வலி கூடுதல் போன்றவையே இருந்தன. பயிற்சி இல்லாத கையில் நெஞ்சுப் பகுதியில் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் ஓட்டை விழும். ஊசியை மறுபடி பயன்படுத்தினால் மஞ்சள் காமாலை வைரஸ் தொற்றும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பேஸ்மேக்கர் இருந்தால் மின்சார ஊசி கூடாது. சர்க்கரையால் பாதம் மரத்தவர்களுக்குப் பாதத்தில் குத்துவதைத் தவிர்ப்பதே நல்லது. சின்னத் துளையும் புண்ணாகிவிடும்.

## எத்தனை முறை, எப்போது நிறுத்துவது

ஆய்வுகளில் பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு அமர்வு என்று மொத்தம் 6 முதல் 12 வரை கொடுத்திருக்கிறார்கள். முடிவே இல்லாமல் மாதக்கணக்கில் இழுப்பதற்கு அந்த ஆய்வுகளில் ஆதாரம் இல்லை.

தொடங்கும் முன் ஒரு நோட்டில் மூன்றை எழுதிக்கொள்ளுங்கள்: வலி 10-க்கு எவ்வளவு, இரவில் எத்தனை முறை எழுப்புகிறது, வலியால் செய்ய முடியாத ஒரு வேலை எது. அந்த வேலை குறிப்பானதாக இருக்கட்டும்: குடத்தை இடுப்பில் வைப்பது, பஸ் படி ஏறுவது, ஒரு மணி நேரம் உட்கார்ந்து புளி தட்டுவது. 6 அமர்வு முடிந்ததும் அதே மூன்றையும் மறுபடி எழுதுங்கள். வலி எண் 2 புள்ளி இறங்கி, அந்த வேலையும் சுலபமாகியிருந்தால் மிச்ச அமர்வுகளை முடிக்கலாம். கூடவே பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சியைத் தொடர வேண்டும், ஏனென்றால் ஊசி தரும் இடைவெளியில் தசையை வலுப்படுத்துவது அதுதான். மூன்றில் எதுவும் மாறவில்லை என்றால் ஏழாவது அமர்வுக்குக் கட்டும் பணத்தை எக்ஸ்ரேவுக்கும் தண்ணீர்ப் பரிசோதனைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.